ஏரியின் மேல் புகை: மோந்த்ரோவில் நான்கு நாட்கள்

டிசம்பர் 3, இரவு

லோசானில் ரயில் ஏறியதும் வலதுபக்க ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டேன். அந்தப் பக்கம்தான் ஏரி. இடதுபக்கம் லாவோவின் திராட்சைத் தோட்டங்கள், படிப்படியாக மலைமேல் ஏறுகின்றன. டிசம்பரில் இலையெல்லாம் உதிர்ந்து கொடிகள் வெறும் குச்சிகளாக நிற்கின்றன. இருபது நிமிடத்தில் மோந்த்ரோ வந்துவிட்டது.

எல்லாரும் சுவிட்சர்லாந்துக்குப் பனிமலை பார்க்க வருவார்கள். நான் ஒரு பாட்டுக்காக வந்திருக்கிறேன். டீப் பர்ப்பிள் என்ற ஆங்கில ராக் குழு பாடிய 'ஸ்மோக் ஆன் த வாட்டர்'. பெயர் தெரியாதவர்கள்கூட அதன் தொடக்கத்தைக் கேட்டிருப்பார்கள். டம் டம் டம், டம் டம் ட-டம், என்று கிட்டார் தனியாக ஆரம்பிக்கும் அந்த இடம். பதினாறு வயதில் முதன்முதலாக ஒரு கிட்டார் என் மடிக்கு வந்தபோது, கடன் கொடுத்த நண்பன் ஒரே கம்பியில் மூன்று இடத்தைக் காட்டி, "இங்க, இங்க, இங்க. அவ்ளோதான்" என்றான். பத்து நிமிடத்தில் கையில் பாட்டு வந்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை. விரல் நுனியில் கம்பி பதிந்த கோடு மறுநாள் மதியம் வரைக்கும் இருந்தது.

அதன் வரிகள் என்ன சொல்கின்றன என்று யோசிக்க எனக்குப் பல வருடம் ஆனது. 'தண்ணீர்மேல் புகை, வானத்தில் நெருப்பு' என்றால் ஏதோ போதைப் பாட்டு என்றுதான் எங்கள் கூட்டத்தில் பேசிக்கொள்வோம். பெயரைக் கேட்டால் அப்படித் தோன்றிவிடுமோ என்று டீப் பர்ப்பிள் ஆட்களுக்கே தயக்கம் இருந்தது என்று பின்னால் படித்தேன். உண்மையில் அதில் ஒளித்து வைத்த பொருள் எதுவுமே இல்லை. ஓர் ஊரில், ஒரு நாளில், கண்ணெதிரே நடந்ததை நடந்தபடி சொல்லும் பாட்டு அது. அந்த ஊர் இது. அந்த நாள் நாளைக்கு.

அறை சின்னது, ஜன்னலைத் திறந்தால் ஏரியில் ஒரு துண்டு தெரிகிறது. இப்போதைக்கு அது போதும். தூங்கப் போகிறேன்.

டிசம்பர் 4, இரவு

இன்றைக்கு முழுக்க நடைதான். கால் வலிக்கிறது, ஆனால் எழுதாமல் படுக்க முடியாது.

காலையில் ஏரிக்கரையோடு நடந்து கசினோவுக்குப் போனேன். கரை முழுக்கக் கிறிஸ்துமஸ் சந்தை. மரக் கடைகள் வரிசையாக, சூடான ஒயின் வாசனை, உருக்கிய பாலாடைக்கட்டி வாசனை. எதிர்க்கரையில் பிரான்ஸ் நாட்டு மலைகள், தெற்கே தாந்து மிதியின் கூர்முனைகள். கசினோ இன்று இருப்பது பழைய கட்டடம் இல்லை. அது எரிந்துபோய், 1975இல் புதிதாகத் திறந்தார்கள். உள்ளே சூதாட்டக் கூடத்தின் கைப்பிடிச் சுவரில் அலங்காரமாக இசைக் குறிகளை வைத்திருக்கிறார்கள். பார்த்தவுடன் விரல் தானாக அசைந்தது. எரிந்த இடத்திலேயே, எரிந்ததைப் பற்றிய பாட்டின் சுரங்களைப் பதித்து வைத்திருக்கிறார்கள். இப்படி ஒரு நகரம் ஒரு பாட்டை ஏற்றுக்கொண்டதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நடந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். 1971 டிசம்பர் தொடக்கத்தில் டீப் பர்ப்பிள் ஐந்து பேரும் இந்த ஊருக்கு வந்தார்கள். பாடகர் இயன் கில்லன், கிட்டார் ரிச்சி பிளாக்மோர், பேஸ் கிட்டார் ரோஜர் குளோவர், ஆர்கன் ஜான் லார்ட், டிரம்ஸ் இயன் பெய்ஸ். புது ஆல்பம் பதிவு செய்ய வேண்டும். ஸ்டூடியோவுக்குள் அடைந்து கிடக்காமல் மேடையில் வாசிக்கிற மாதிரியே வாசிக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அதற்காக ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான நடமாடும் ஒலிப்பதிவு லாரியை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். குளிர்காலத்துக்குக் கசினோ அரங்கை மூடப் போகிறார்கள், மூடியதும் அது முழுக்க அவர்கள் கைக்கு வந்துவிடும். மூடுவதற்கு முன் ஒரே ஒரு கச்சேரி பாக்கி. டிசம்பர் 4, சனிக்கிழமை, பிற்பகலில் அமெரிக்க இசைக்காரர் ஃபிராங்க் ஜாப்பாவும் அவருடைய மதர்ஸ் ஆஃப் இன்வென்ஷன் குழுவும். டீப் பர்ப்பிள் ஆட்களும் பார்வையாளர்களோடு உட்கார்ந்து கேட்டார்கள்.

கச்சேரியின் கடைசிப் பகுதியில், சிந்தசைசர் தனியாக ஒலித்துக்கொண்டிருந்தபோது, கூட்டத்திலிருந்து யாரோ ஒருவன் தீச்சுடர்த் துப்பாக்கியால் கூரையைப் பார்த்துச் சுட்டான். கப்பல்காரர்கள் ஆபத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுவார்களே, அந்த மாதிரித் துப்பாக்கி. கூரை பிரம்பால் வேய்ந்தது. பற்றிக்கொண்டது. ஜாப்பா பதறாமல் ஒலிபெருக்கியில் எல்லாரையும் வெளியேறச் சொன்னார். அரங்கம் தரைமட்டமாக எரிந்தது. ஜாப்பா குழுவின் கருவிகள் சாம்பல். காயம் பட்டவர்கள் உண்டு, ஆனால் ஒருவர்கூடச் சாகவில்லை.

அதற்கு ஒரு காரணம், குளோட் நோப்ஸ். இந்த ஊரில் 1967இல் ஜாஸ் விழாவைத் தொடங்கியவர், அன்றைய கச்சேரிக்கும் அவர்தான் ஏற்பாடு. உள்ளேயே ஒளிந்துகொண்டால் தப்பித்துவிடலாம் என்று நினைத்துப் பதுங்கிய பிள்ளைகள் சிலரை அவர் உள்ளே ஓடி ஓடி வெளியே இழுத்துக் கொண்டுவந்தார். பாட்டில் 'ஃபங்கி குளோட்' என்று ஒருவர் வருகிறாரே, அவர் இவர்தான். கற்பனைப் பாத்திரம் இல்லை. சிறு வயதில் அந்தப் பெயரைச் சும்மா ஓசைக்காகப் போட்ட சொல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டீப் பர்ப்பிள் ஆட்கள் தங்கள் விடுதிக்குத் திரும்பி அங்கிருந்து பார்த்தார்கள். மலையிலிருந்து இறங்கிய காற்று புகையை ஏரிப் பக்கம் தள்ளியது. தண்ணீரின் மேல் புகை அப்படியே படுத்துக் கிடந்தது. இரண்டு மூன்று நாள் கழித்து ரோஜர் குளோவர் காலையில் தூக்கத்திலிருந்து எழும்போது இந்த நான்கு சொற்கள் அவர் வாயில் வந்தனவாம்.

சாயங்காலம் நாலரை மணிக்குக் கசினோவுக்குப் பக்கத்தில் கரையில் போய் நின்றேன். சூரியன் இறங்கிவிட்டது. வேண்டுமென்றே அந்த நேரத்தில் போனேன், அந்த வெளிச்சத்தில் ஏரி எப்படி இருக்கும் என்று பார்க்க. காற்று கிட்டத்தட்ட இல்லை. எனக்குப் பத்தடி தள்ளி ஒரு வயதானவர் இரும்புச் சட்டியில் செஸ்ட்நட் கொட்டை வறுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கொட்டையிலும் கத்தியால் ஒரு கீறல். சூடு ஏறினால் அந்தக் கீறல் வாய் பிளந்து உள்ளே மஞ்சள் தெரியும். அவர் கரண்டியால் புரட்டும்போதெல்லாம் சட்டியிலிருந்து புகை எழும்பிக் கைப்பிடிக் கம்பியைத் தாண்டியது. அது மேலே போகவில்லை. கீழே இறங்கித் தண்ணீரைத் தொட்டு, அதற்கும் மேல் இறங்க முடியாமல், ஏரியின் மேல் ஒரு கை உயரத்தில் பரவியபடியே போனது. ஒரு சட்டிப் புகை அது. அதுவே கரைய ரொம்ப நேரம் பிடித்தது. ஒரு கட்டடமே எரிந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் உடம்பில் உறைத்தது.

குளோவர் எதையும் புனையவில்லை. பார்த்ததைத்தான் சொன்னார்.

கொட்டை ஒரு பொட்டலம் வாங்கினேன். கை சுட்டது, ஆனால் அந்தக் குளிருக்கு இதமாக இருந்தது.

டிசம்பர் 5, மாலை

இன்று தெரித்தே. வெவேயையும் வில்நெவையும் இணைத்து ஏரிக்கரையோரம் ஓடும் 201ஆம் எண் மின்பேருந்தில் ஏறினால் சில நிமிடம்தான். மோந்த்ரோவை ஒட்டிய பகுதி. நேற்றைய கதையின் மறுபாதி இங்கேதான்.

கசினோ போய்விட்டது. ஒலிப்பதிவு லாரி வந்து நிற்கிறது, வாடகை ஓடுகிறது, வாசிக்க இடம் இல்லை. நோப்ஸ் தன் ஊரில் எரிந்ததைப் பற்றி அழுதுகொண்டிருக்காமல் இந்த ஐந்து பேருக்கும் இடம் தேடி அலைந்தார். முதலில் நகரின் நடுவில் பவிலியன் என்ற அரங்கு கிடைத்தது. அங்கே ராத்திரியில் ஒரு பாட்டின் வாத்தியப் பகுதியை வாசித்தார்கள். வரிகள் இல்லை, பெயரும் இல்லை. 'தலைப்பு எண் 1' என்று எழுதி வைத்திருந்தார்கள். சத்தத்தில் ஊர் விழித்துக்கொண்டு போலீசைக் கூப்பிட்டுவிட்டது. போலீஸ்காரர்கள் கதவைத் தட்ட, உதவியாளர்கள் உள்பக்கமிருந்து கதவைப் பிடித்துக்கொள்ள, வாசிப்பு முடிந்தது. மறுபடி அங்கே வாசிக்க விடவில்லை. அந்த ஒரு ராத்திரியில் பதிவானதுதான் உலகம் முழுக்கக் கேட்ட அந்தக் கிட்டார்.

பிறகு கிடைத்தது தெரித்தேவின் கிராண்ட் ஓட்டல். குளிர்காலத்துக்கு மூடிக் கிடந்தது. அங்கே போய் நின்றேன். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடம், நீளமான முகப்பு, வரிசையாகப் பால்கனிகள். இப்போது குடியிருப்பு. உள்ளே போக முடியாது, வெளியே நின்றே பார்த்தேன். முதல் மாடிப் பால்கனி ஒன்றில் குழந்தைச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. அந்த ஈரக் குளிரில் அவை எப்போது காயுமோ. பக்கத்திலேயே 1883இல் ஓடத் தொடங்கிய கிளியோன் மலை ரயில் பாதை. பணக்கார ஐரோப்பா வந்து தங்கிய காலம் ஒன்று இந்த இடத்துக்கு இருந்திருக்கிறது. ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத்துக்கு இங்கே ஒரு சிலைகூட இருக்கிறது.

ஓட்டலின் நடைபாதை ஒன்றில் கருவிகளை வைத்து, சத்தம் எதிரொலிக்காமல் மெத்தைகளை அடுக்கி, வாசித்தார்கள். லாரி வாசலில். வாசித்ததைக் கேட்டுப் பார்க்க வேண்டுமென்றால் அறைகளுக்குள் புகுந்து, பால்கனி தாண்டி, குளிரில் சுற்றிக்கொண்டு போக வேண்டும். கொஞ்ச நாளில் அவர்கள் போய்க் கேட்பதையே விட்டுவிட்டார்கள். வாசித்தது சரியாக வந்திருக்கிறதா என்று தங்கள் கையையும் காதையும் நம்பினார்கள். எனக்கு இந்தப் பகுதி ரொம்பப் பிடிக்கும். இன்றைக்கு வீட்டில் ஒரு வரி பாடிவிட்டு நூறு தடவை போட்டுக் கேட்டுத் திருத்துகிறோம். திரும்பிப் பார்க்க வழியில்லாத இடத்தில் உண்டான ஆல்பம் இது, அதன் தெம்பு அந்த ஒலியில் தெரிகிறது.

முடிக்கும் நேரத்தில் ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பிர்ச் கணக்குப் பார்த்து, ஆல்பத்துக்குச் சில நிமிடம் குறைகிறது என்றார். அப்போதுதான் பவிலியனில் வாசித்த 'தலைப்பு எண் 1' நினைவுக்கு வந்தது. அதன்மேல் எதைப் பாடுவது? தங்களுக்கு நேர்ந்ததையே பாடினார்கள். மோந்த்ரோவுக்கு வந்தது, ஜாப்பா, துப்பாக்கிக்காரன், தீ, குளோட், கடைசியில் இந்தக் காலி ஓட்டல், சிவப்பு விளக்குகள், பழைய கட்டில்கள். எல்லாம் வரிசையாக இருக்கிறது. ஒரு பயணக் குறிப்பு என்றே சொல்லலாம். குறையை நிரப்பக் கடைசியாக எழுதிய பாட்டு.

எதிரிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்து காதில் போட்டுக் கேட்டேன். முதலில் கிட்டார் மட்டும். பிறகு பெய்ஸின் ஹை-ஹாட் தாளத்தட்டு கீச்சிட, அதோடு ஜான் லார்டின் ஆர்கன். பிறகு முழு டிரம்ஸ். பிறகு பேஸ். ஒவ்வொருவராக அறைக்குள் வந்து உட்காருவதுபோல வருகிறார்கள். பல பேர் மொத்தமும் கிட்டார் என்று நினைக்கிறார்கள். லார்ட் தன் ஹேமண்ட் ஆர்கனைக் கிட்டாருக்கான மார்ஷல் ஆம்ப்ளிஃபையரில் விட்டு, அதே சுரங்களைக் கூடவே வாசிக்கிறார். அந்தக் கரகரப்பில் பாதி அவருடையது.

நம் கணக்கில் சொன்னால் ச, சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம். இரண்டாம் முறை ஏறும்போது பிரதி மத்யமத்தைத் தொட்டுவிட்டுச் சுத்த மத்யமத்துக்கு இறங்குகிறது. இரண்டு மத்யமமும் அடுத்தடுத்து உரசும் அந்த ஒரு இடம் இல்லையென்றால் இது வெறும் பயிற்சி வரிசை. இன்னொன்று, நான் பதினாறு வயதில் கற்றது தப்பு. பிளாக்மோர் ஒரு கம்பியில் வாசிக்கவில்லை. பக்கத்துப் பக்கத்துக் கம்பிகள் இரண்டை, பிக் என்ற மீட்டும் தகடு இல்லாமல், விரலால் ஒரே நேரத்தில் பிடுங்குகிறார். தகட்டால் அடித்தால் ஒரு கம்பி முன்னாலும் மற்றது பின்னாலும் ஒலிக்கும். விரலால் பிடுங்கினால் இரண்டும் ஒன்றாக எழும். அதனால்தான் அந்தக் கனம். வீட்டுக்குப் போனதும் விரலாலேயே திரும்பவும் பழக வேண்டும்.

'மெஷின் ஹெட்' ஆல்பம் 1972 மார்ச்சில் வந்தது. இந்தப் பாட்டு ஓடும் என்று அவர்களே நினைக்கவில்லை. தனி இசைத்தட்டாக முதலில் வெளியிட்டது வேறு பாட்டு. ஒரு வருடத்துக்கு மேல் கழித்து, 1973இல்தான் அமெரிக்காவில் இதைத் தனியாகப் போட்டார்கள். அங்கே நான்காம் இடம் வரை ஏறியது.

அதற்கப்புறம் அது போன தூரத்தில் எனக்கு ஒன்றுதான் முக்கியம். 1988 டிசம்பர் 7இல் ஆர்மீனியாவில் பூகம்பம். பல்லாயிரம் பேர் இறந்தார்கள். அடுத்த வருடம், நிவாரணத்துக்குப் பணம் திரட்ட, கில்லனும் பிளாக்மோரும் குயின் குழுவின் பிரையன் மேயும், டேவிட் கில்மோரும், டோனி அயோமியும், புரூஸ் டிக்கின்சனும் இன்னும் பலரும் கூடி ஒரு பாட்டைப் புதிதாகப் பதிவு செய்தார்கள். எத்தனையோ பாட்டு இருந்தும் அவர்கள் எடுத்தது இதைத்தான். யோசித்தால் பொருத்தம் புரிகிறது. ஒரு கட்டடம் இடிந்து விழும்போது உள்ளே ஓடி ஆட்களை வெளியே இழுக்கும் ஒரு மனிதர் இந்தப் பாட்டுக்குள் ஏற்கெனவே இருக்கிறார்.

இருட்டிவிட்டது, பெஞ்ச் சில்லிட்டுவிட்டது. திரும்பி நடந்தே வந்தேன்.

டிசம்பர் 6, ரயிலில்

காலையில் ஏரிக்கரையில் குயின் குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்க்குரி சிலையைப் பார்த்தேன். மூன்று மீட்டர் உயரம், கை தூக்கி, ஏரியைப் பார்த்தபடி. புதிய கசினோவுக்குள் வந்த மவுன்டன் ஸ்டூடியோவைக் குயின் குழு 1979இல் வாங்கியது, அதனால் அவர்களுக்கும் இது சொந்த ஊர். காலடியில் பூக்கள், கடிதங்கள். டீப் பர்ப்பிளுக்கும் கரையில் ஒரு நினைவுச் சின்னம் உண்டு, குழுவின் பெயரும் அந்தச் சுரங்களும். அதற்குப் பூ யாரும் வைப்பதில்லை. நான் ஒரு நிமிடம் சுரங்களின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். உலோகம் ஐஸ்போலக் குளிர்ந்தது.

நான் தங்கிய விடுதியின் பின்பக்கம் ஓர் அண்ணா தினமும் வெளியே வந்து நிற்பார். வெள்ளைச் சமையல் சட்டை. முதல் நாளே முகத்தைப் பார்த்துப் புரிந்துவிட்டது, இன்றைக்குத்தான் பேசினோம். யாழ்ப்பாணம், வந்து முப்பது வருடத்துக்கு மேல். எண்பதுகளிலிருந்து போருக்குத் தப்பி சுவிஸ் வந்த நம்மவர்கள் பலர் இந்நாட்டு ஓட்டல் சமையலறைகளில்தான் வாழ்க்கையைத் தொடங்கினார்கள்.

"என்ன தம்பி, நாலு நாளா கசினோவையே சுத்திச் சுத்தி வாறீர்?" என்றார்.

சொன்னேன். தீ, புகை, ஜாப்பா எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. ஊரில் எல்லாருக்கும் தெரியுமாம். குளோட் நோப்ஸ் பெயரைச் சொன்னதும் முகம் மாறியது.

"அவரும் எங்களைப் போல குசினியில நிண்டவர்தானே. சமையல் படிச்ச மனுசன்."

உண்மைதான். நோப்ஸ் சமையல் பயின்றவர், அப்புறம்தான் ஊரின் சுற்றுலா அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து விழாவைத் தொடங்கினார். மேலே கோ கிராமத்தில் இருந்த தன் மர வீட்டில் இசைக்காரர்களுக்குச் சமைத்துப் போடுவாராம். விழாவின் ஒவ்வொரு கச்சேரியையும் விடாமல் பதிவு செய்து சேர்த்து வைத்தார். அவர் சேர்த்த அந்தத் தொகுப்பு 2013இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறியது. அதைப் பார்க்க அவர் இல்லை. 2012 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பனிச்சறுக்கில் விழுந்தவர் நினைவு திரும்பாமலே 2013 ஜனவரி 10இல் போய்விட்டார்.

நம் பாணர்கள் நினைவுக்கு வந்தார்கள். ஊர் ஊராகப் போவார்கள், சோறும் இடமும் கொடுத்தவன் பெயரைப் பாட்டிலேயே வைத்துவிடுவார்கள். கொடுத்தவனும் போய், பாடினவனும் போய், இரண்டாயிரம் வருடம் கழித்தும் அந்தப் பெயர் நம் வாயில் இருக்கிறது. இருக்க இடமில்லாமல் நின்ற ஐந்து பேருக்கு இடம் தேடித் தந்த மனிதருக்கு அவர்கள் கொடுத்ததும் அதுதான். இந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று இனி யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

அண்ணாவுக்குக் குளோட் பெயர் வரும் அந்த வரி தெரியவில்லை. ரேடியோவில் ஆயிரம் தரம் கேட்டிருப்பேன், ஆனால் சொல் பிடிபட்டதில்லை என்றார். என் இயர்போனில் ஒன்றை அவரிடம் கொடுத்தேன். இரண்டு பேரும் சுவரோரம் நின்றோம். சமையலறை ஜன்னலிலிருந்து வெங்காயம் வதங்கும் வாசனை. கிட்டார் வந்தது, ஆர்கன் வந்தது, டிரம்ஸ், பேஸ். கில்லன் பாட ஆரம்பித்தார். இரண்டாவது சரணத்தில் நான் விரலைத் தூக்கிக் காட்டினேன்.

அவர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு திறந்து என்னைப் பார்த்தார்.

"பேரைச் சொல்லியே பாடியிருக்கிறாங்கள்" என்றார். "திருப்பி ஒருக்கா போடும், தம்பி."

பின்னால் இழுத்து மறுபடி போட்டேன். உள்ளேயிருந்து யாரோ பிரெஞ்சில் அவரைக் கூப்பிட்டார்கள். ஒரு நிமிடம் என்று கையைக் காட்டிவிட்டு, பாட்டு முடியும்வரை அவர் அங்கேயே நின்றார்.